துண்டின் மேல் டொனலின் கண்ணாடி

லிமெரிக்
10 ஜூன் 1996

ஃபிடெல்மா,

முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அடித்திருப்பதை நீ பார்க்கவேண்டும் என்பதற்காகவே புதுத் தாள் எடுக்கவில்லை.

மகள் கிரான்யா வீட்டில், இஸ்திரி மேசையையும் பழைய சூட்கேஸ்களையும் போட்டுவைக்கிற அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. நான் வந்த மறுநாளே மாப்பிள்ளை அதைக் கழற்றிவிட்டார். நான் குளிக்கப் போனால் கிரான்யா வெளியே நின்றுகொண்டு, “தண்ணி சூடா இருக்காம்மா?” என்று கேட்கிறாள். பதில் சொல்லத் தாமதமானால் கதவைத் தட்டுகிறாள். தலைவலிக்கு மாத்திரை கேட்டேன். ஒன்றே ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்து, நான் விழுங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைச் சிறுமியாக வைத்து வளர்த்தபோது நான்கூட இவ்வளவு கண்காணித்ததில்லை.

எல்லாம் உன் தயவு. ஸ்பெயினில், நெர்ஹா கடற்கரையில் நின்று ஊரைக் கூட்டினாய் அல்லவா, “புருஷன் போனதிலேர்ந்து அவளுக்கு வாழவே பிடிக்கல, கடல்ல இறங்கிட்டா” என்று? நம்முடன் வந்த பெர்னி அதை அப்படியே ஊருக்குக் கொண்டுவந்து கறிக்கடையில் இறக்கிவைத்துவிட்டாள். கிரான்யாவின் காதுக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் கதையில் ஹெலிகாப்டரும் சேர்ந்திருந்தது.

இப்போது என் வீட்டை விற்கப் போகிறார்கள். வாசலில் இறங்கினால் கடல், அது எனக்கு ஆபத்து என்கிறாள். மாதக் கடைசியில் தரகர் வந்து ‘விற்பனைக்கு’ என்று பலகை நடுவார். சண்டைக்காரியாக இருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவளோ இரவில் அழுகிறாள், காலையில் எனக்கு முட்டை வேகவைத்துத் தருகிறாள். இவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டாள். நீ சொன்னால் நம்புவாள். அவள் அப்பா டொனல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர்கள் மழுப்பினார்கள். அவளுக்கு உண்மையைச் சொன்னவள் நீ ஒருத்திதான். ஆகவே நீ அவளுக்கு நாலு வரி எழுது. ‘நான் தப்பாக நினைத்துவிட்டேன், உன் அம்மா சாகப் போகவில்லை’ என்று எழுதினால் போதும்.

நீ என்னை அறைந்ததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் எழுதப்போவதில்லை. இடது கன்னம்.

மஜெல்லா


பாலிவூன்
13 ஜூன் 1996

மஜெல்லா,

உன் மகள் வீட்டுக்கு நான் தொலைபேசியில் கூப்பிட்ட போதெல்லாம் நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். இவ்வளவு சுத்தமான மனுஷி அயர்லாந்தில் வேறு யாரும் இருக்கமாட்டாள்.

பெர்னியின் வாயை நான் மூடியிருக்க வேண்டும். ஆனால் அதை மூட பிஷப்பாலேயே ஆகாது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். வேறு எதற்கும் இல்லை.

கிரான்யாவுக்கு நீ கேட்டபடி என்னால் எழுத முடியாது. நான் தப்பாக நினைத்தேன் என்று எனக்கே இன்னும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாததை எழுதிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அன்று காலை நான் என்ன பார்த்தேன் என்பதைக் கேள். எழுந்தேன், உன் கட்டில் காலி. பெர்னி முந்தின ராத்திரி குடித்த சங்ரியாவில் கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பால்கனிக்கு வந்து கீழே பார்த்தால் கடற்கரையில் ஒரு ஈ, காக்கை இல்லை. சாய்வு நாற்காலி வரிசைக்கு முன்னால், மணலில் உன் நீலத் துண்டு. அதன்மேல் மடித்துவைத்த உன் கம்பளிச் சட்டை. சட்டையின்மேல் உன் ஷூ, இரண்டும் ஜோடியாக, மூக்கு கடலைப் பார்த்து.

நம் ஊரில் அப்படி வைத்தால் என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்லவேண்டாம். பனியோ மழையோ, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீங்கள் எல்லாரும் துறைக்குப் போய்த் தண்ணீரில் குதிப்பீர்கள். எனக்கு நீந்தத் தெரியாது. நான் சுவரில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கையும் உங்கள் துணிக் குவியல்களையும் காவல் காப்பேன். குவியல் கிடந்தால் ஆள் தண்ணீரில். கடைசிக் குவியலுக்குச் சொந்தக்காரி கரையேறும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. நீ வகுத்த சட்டம்தான் அது. தனியாக இறங்கக் கூடாது என்பதும் நீ வகுத்ததே.

நான் படியில் இறங்கி ஓடினேன். கடலில் ஒரு தலையும் இல்லை. குவியலைத் திரும்பிப் பார்த்தேன். துண்டின் ஓரத்தில் ஒரு புத்தகம். புத்தகத்தின்மேல் டொனலின் கண்ணாடி.

ஒரு பக்கக் காம்பில் பிளாஸ்திரி சுற்றிய, அவருடைய படிக்கிற கண்ணாடி. அடக்கம் நடந்த நாளிலிருந்து அது உன் சட்டைப்பையை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. பூசையில் கைவைத்துப் பார்ப்பாய். கடையில் சில்லறை எடுக்கும்போது பார்ப்பாய். தண்ணீரில் இறங்கும்போது மட்டும் என் கையில் கொடுத்துவிட்டுப் போவாய், கரையேறியதும் முதலில் அதைத்தான் கேட்பாய், துண்டைக்கூட அப்புறம்தான்.

அதை விட்டுவிட்டுப் போயிருந்தாய். ஏன்? இதற்கு மட்டும் பதில் சொல். நம்பும்படியாக இருந்தால் அன்றைக்கே கிரான்யாவுக்கு எழுதுகிறேன்.

ஃபிடெல்மா


லிமெரிக்
17 ஜூன் 1996

ஃபிடெல்மா,

நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம். பாலிவூன் இன்னும் ஒழுங்காக இருந்திருக்கும்.

சரி, வாக்குமூலம். சனிக்கிழமை ராத்திரி நீ ஜெபமாலையோடு படுக்கப் போன பிறகு பெர்னி ஒரு திட்டம் போட்டாள். அந்த ஜெர்மன்காரர்கள் விடியும் முன்பே வந்து நாற்காலிகளில் துண்டு விரித்து முன்வரிசையைப் பிடித்துவிடுகிறார்களாம். நாம் மூன்று பேரும் சனிக்கிழமை முழுக்கக் குப்பைத்தொட்டிப் பக்கத்தில் வெயில் காய்ந்தது அவளால் பொறுக்க முடியவில்லை. “வெறும் துண்டைப் போட்டா தூக்கி எறிஞ்சிடுவானுங்க. ஆள் இப்பத்தான் தண்ணிக்குள்ள போன மாதிரி வை” என்றாள்.

அதைத்தான் செய்தேன். வரிசைக்கு முன்னால் மணலிலேயே போட்டேன், அதைவிட முன்வரிசை கிடையாது. ஆள் தண்ணீருக்குள் போன மாதிரி வைக்கவேண்டுமென்றால் எனக்கு ஒரு முறைதானே தெரியும், நம் துறையில் வைக்கிற முறை. முந்தின நாள் சாயங்காலம் நானும் பெர்னியும் வாங்கிய ரப்பர் செருப்பு காலில் இருந்தது, அதனால் ஷூவை அங்கேயே விட்டேன். இதில் சாவு எங்கே வந்தது?

அப்புறம் நான் போனது கடலுக்கு இல்லை, சுரோ சாப்பிட. சந்தைக்குப் பின்னால் ஒரு கடை. மாவைப் பிழிந்து வளையமாக எண்ணெயில் விட்டு, பொரிந்ததும் கத்தரியால் வெட்டி, கெட்டிச் சாக்லேட்டோடு தருகிறார்கள். மீன் இறக்கி முடித்த ஆட்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னைப் பார்த்து முகத்தைச் சாய்த்து, “எப்படி இருக்கீங்க?” என்று அந்தச் சாவுவீட்டுக் குரலில் கேட்கவில்லை. பாலிவூனில் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நீயும்தான்.

உங்கள் இருவருக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கரைக்கு வந்தால், மீட்புப் படகு, காவலர்கள், அரைக் கால்சட்டையில் பாதி ஹோட்டல். நடுவில் நீ, கழுத்துவரை நனைந்து, தேவாலயத்துக்குப் போடுகிற பாவாடையோடு. கடற்கரையே பார்க்க என்னை அறைந்தாய். பொட்டலம் மணலில் விழுந்தது. ஒரு நாய் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. இந்த அமளியில் நாம் பிடித்த இடத்தில் வேறு யாரோ துண்டு விரித்துவிட்டார்கள். பெர்னிக்கு இன்றுவரை இருக்கும் ஒரே துக்கம் அதுதான்.

இவ்வளவுதான் நடந்தது. இனி கிரான்யாவுக்கு எழுது.

மஜெல்லா


பாலிவூன்
20 ஜூன் 1996

மஜெல்லா,

பொரித்த மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கண்ணாடியைப் பற்றி ஒரு வரி இல்லை.

நீ சொன்னதை நம்புகிறேன். பெர்னியிடமும் கேட்டேன், திட்டம் தன்னுடையதுதான் என்று பெருமையாகவே ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒன்றை மறைக்கிறாய். உன்னோடு பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். மறைக்கும்போது நீ வேடிக்கையாக எழுதுவாய்.

நான் மறைக்கவில்லை, பயந்துபோனேன். நெர்ஹாவுக்குப் போகும் முன்பே பயம்தான். டொனல் போன பிறகு நீ துறைக்கு வருவாய், இறங்குவாய், ஏறுவாய், ஃபிளாஸ்க்கில் இருக்கும் தேநீரை நீட்டினால் வாங்கிக்கொண்டு குடிக்காமல் கீழே வைப்பாய். உன் சட்டை தோளில் தொங்கியது. ஞாயிறுதோறும் உன் குவியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரே ஒரு வேண்டுதல்தான் எனக்கு, இவள் இன்றைக்கும் திரும்பி வந்துவிட வேண்டும் என்று. இந்தப் பயணத்துக்கு உன்னை இழுத்தவளும் நான்தான், பெர்னி இல்லை. வெயில் பட்டால் சரியாகும் என்று நினைத்தேன்.

அன்று காலை அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. பிறகு தண்ணீருக்குள் ஓடியது. காவலர்கள் வந்து இழுக்கும்போது தண்ணீர் என் மோவாயில் இருந்தது. நீந்தத் தெரியாது என்பதே அப்போது ஞாபகம் வரவில்லை. நீ வாயோரத்தில் சாக்லேட்டோடு வந்து நின்று, “என்னடி ஆச்சு, யார் விழுந்தது?” என்று கேட்டாய். உயிரோடு இருக்கிறாளே என்று கட்டிப்பிடிக்கத்தான் கையைத் தூக்கினேன். அது போகிற வழியில் அறையாக மாறிவிட்டது.

நீ என்ன பதில் சொன்னாலும் உன்மேல் கோபப்படமாட்டேன். சாகத்தான் நினைத்தாய் என்றாலும் சொல். தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது. நான் இப்போது துறைக்குப் போவதில்லை.

ஃபிடெல்மா


லிமெரிக்
24 ஜூன் 1996

ஃபிடெல்மா,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையும் கிழிப்பதற்கு முன் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

காற்று அடித்தது. புத்தகத்தின் பக்கங்கள் படபடவென்று புரண்டன. மேலே வைக்க ஏதாவது வேண்டும் என்று பையில் கைவிட்டேன். கண்ணாடி வந்தது, வைத்தேன். அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை. அந்த நேரத்தில் அது ஒரு கனமான பொருள், காகிதம் பறக்காமல் இருக்க வைக்கிற கல் மாதிரி.

எனக்குப் பசித்தது, ஃபிடெல்மா. நவம்பரிலிருந்து எனக்குப் பசி என்று ஒன்றே கிடையாது. நேரம் ஆனால் வாயில் எதையாவது போடுவேன், அட்டையை மெல்வதுபோல் இருக்கும். அன்று அந்தத் தெருப்பக்கமிருந்து எண்ணெய் வாசனை வந்தது, வயிறு சத்தம் போட்டது. யார் வயிறு என்று நானே ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். போய் ஒரு தட்டு சாப்பிட்டேன். போதவில்லை. இன்னொரு தட்டு கேட்டேன். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். சந்தையில் மீன்காரி ஒருத்தி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

அவ்வளவு நேரமும் நான் பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு தடவைகூட. நீ கையில் அந்தக் கண்ணாடியை ஆட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தபோதுதான், அது என்னிடம் இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது.

இதை எப்படிச் சொல்வேன்? முப்பத்தாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷன். இன்னும் வருஷப் பூசைகூட முடியவில்லை. அவர் கண்ணாடியைத் துண்டுக்குக் காவலாக வைத்துவிட்டு, அவரை மறந்து, இரண்டு தட்டு தின்றேன். விமானத்தில் உன்னோடு பேசாமல் வந்தேனே, நீ அறைந்ததற்காக என்று நினைத்தாயா? பேச ஆரம்பித்தால் நீ இதைக் கேட்டுவிடுவாய் என்று பயந்தேன். சாகத்தான் போனேன் என்று எழுதுவது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும். அதிலாவது அவருக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

இப்போது உனக்குத் தெரியும். கிரான்யாவுக்கு என்ன எழுதவேண்டுமோ எழுது. வீட்டை விற்றாலும் எனக்கு இது வேண்டியதுதான் என்று சில நேரம் தோன்றுகிறது.

மஜெல்லா


பாலிவூன்
26 ஜூன் 1996

அன்புள்ள மஜெல்லா,

இந்த ‘அன்புள்ள’வை அடிக்கப்போவதில்லை.

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்துவிட்டு அங்கேயே அழுதேன். பிறகு சிரித்தேன். தபால்காரர் கதவுத் துளை வழியாக, “எல்லாம் நல்ல சேதிதானே?” என்று கேட்டார். மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. இன்று மத்தியானம் மழையில் துணி காயப்போட்டேன், அப்படி ஒரு சந்தோஷம்.

அடி பைத்தியமே. உனக்குப் பசித்தது, அதற்கா இத்தனை நாள் ஒளிந்துகொண்டாய்? அந்தக் கண்ணாடியைப் பார்த்து நான் நினைத்தேன், இதை விட்டுவிட்டுப் போகிறாள் என்றால் உயிரையும் விடப் போகிறாள் என்று. நீ விட்டுவிட்டுப் போனதோ உயிர் திரும்பி வந்ததால். ஒரே கண்ணாடி, நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

டொனலை நீ அவமதித்ததாக எழுதியிருக்கிறாய். அவரை எனக்கும் தெரியும். தன் கண்ணாடியை வைத்து ஒரு ஜெர்மன்காரரிடமிருந்து முன்வரிசையைக் காப்பாற்றப் பார்த்தாள் என்று கேட்டிருந்தால், மதுக்கடையில் ஒரு மாதம் வேறு பேச்சே பேசியிருக்கமாட்டார். “என் பொண்டாட்டி கில்லாடிடா” என்று எல்லாருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்திருப்பார்.

கிரான்யாவுக்கு நேற்றே எழுதிவிட்டேன். பசியைப் பற்றி எழுதினேன், அவளுக்கு அது புரியும், முட்டை வேகவைக்கிறவள். கண்ணாடியைப் பற்றி எழுதவில்லை. அதை நீ சொல்ல விரும்பினால் நீயே சொல்.

இன்னொன்று பாக்கி. அந்தக் கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. தண்ணீருக்குள் ஓடியபோது கையில் இருந்தது, அறைந்தபோது மற்றொரு கையில் இருந்தது, பிறகு பாவாடைப் பைக்குள் போனது. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு பக்கக் கண்ணாடியைக் காணோம். நெர்ஹா கடலில் எங்கேயோ கிடக்கும். நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அலமாரியில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். சீர் செய்து தரவா, அப்படியே தரவா?

ஃபிடெல்மா


லிமெரிக்
1 ஜூலை 1996

அன்புள்ள ஃபிடெல்மா,

உன் கடிதத்தைக் கிரான்யா சமையலறையில் நின்றபடியே படித்தாள். ரொட்டியில் வெண்ணெய் தடவி என் முன்னால் வைத்தாள். நான் தின்றேன். இன்னொன்று கேட்டேன். அதைப் பார்த்ததும் மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டாள். அப்பாவின் கண்ணாடிக் கதையையும் அவளிடம் சொன்னேன். அழுகைக்கு நடுவில் சிரித்தாள், அவளுக்கு அவர் சிரிப்பு.

தரகரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை தாழ்ப்பாளைத் திரும்ப மாட்ட வந்தார். நான் ஊருக்குப் போகிறேன், இனி எதற்கு என்றேன். நல்ல மனுஷன், இருந்தாலும் மாட்டினார்.

சனிக்கிழமை பேருந்தில் வருகிறேன். ஞாயிறு துறைக்கு வருவேன், நீயும் வரவேண்டும். பெர்னி எழுதியிருக்கிறாள். நீ போகாததிலிருந்து தண்ணீரில் யாரும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லையாம், கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நீந்துகிறார்களாம். எனக்கும் அப்படித்தான். நீ அங்கே சுவரில் இருப்பதை நம்பித்தான் நான் அத்தனை தூரம் போய்வந்தேன். டொனல் போன பிறகும் திரும்பி வந்தேனே, கரையில் ஒருத்தி போகாமல் உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்ததால்தான். உன்னிடம் இதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

கண்ணாடியைச் சீர் செய்யாதே. பாதி அவர் ஸ்பெயினிலேயே இருக்கட்டும். உயிரோடு இருந்தவரை அவரை அங்கே அழைத்துப்போக முடியவில்லை, “வெயில் எனக்கு ஆகாது” என்பார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு நிபந்தனை. நீந்தத் தெரியாமல் எனக்காக மோவாய்வரை போனவள் நீ. தொடங்கியதை முடிக்க வேண்டும். என்னோடு இறங்கு. கையைப் பிடித்துக்கொள்கிறேன். குளிர் என்று சொன்னால் இடது கன்னம் காத்திருக்கிறது, உன்னுடையது.

மஜெல்லா


பாலிவூன்
3 ஜூலை 1996

அன்புள்ள மஜெல்லா,

நீச்சலுடை வாங்கிவிட்டேன். கறுப்பு. கடைக்காரப் பெண், “பேத்திக்கா?” என்று கேட்டாள். மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

இடுப்புக்கு மேல் வரமாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையை விட்டாயானால் கிரான்யாவுக்கு மறுபடியும் எழுதுவேன்.

சுவரில் பெர்னி உட்காருவாள். ஃபிளாஸ்க்கைக் கொடுத்தாகிவிட்டது, வாயை அதனால் மூடிக்கொள்ளட்டும். நம் இருவர் ஷூவையும் மூக்கு கடலைப் பார்த்து வைப்போம், அவருடைய கண்ணாடி நடுவில். இரண்டு குவியலுக்கும் ஆள் திரும்பி வரும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஃபிடெல்மா